அத்தியாயம் 5: அரசின் நிலத்தரவைக் கியூஜிஐஎஸ்-இல் ஏற்றுதல்

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தை வைத்து ஒரு செயல்முறை

இந்த அத்தியாயம் யாருக்கு?

தோட்டத்துக் கோவில் எந்த லாட்டில் நிற்கிறது? தமிழ்ப்பள்ளித் திடலின் வேலி எல்லைக் கல்லை ஒட்டித்தான் போகிறதா? மூடா ஆறு கரை மீறினால் எந்தக் கம்போங் முதலில் நனையும்? வட செபராங் பிறையில் கோவில் நிர்வாகத்தினரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் குடியிருப்பாளர் சங்கத்தினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெர்த்தாம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இன்று தாமான்களும் பல்கலைக்கழக மருத்துவ வளாகமும் நிறைந்த நகரம். நிலம் இப்படிக் கைமாறி, பிரிக்கப்பட்டு, பெயர் மாறும் இடத்தில் வாய்மொழி நினைவு மட்டும் போதாது. கோட்டையும் எண்ணையும் காட்டிப் பேச வேண்டியிருக்கிறது.

அந்தக் கோடுகளும் எண்களும் பெரும்பாலும் அரசிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது. கேரி ஷெர்மன் 2002-இல் தொடங்கிய கியூஜிஐஎஸ், இன்று உலகெங்கும் தன்னார்வலர்கள் பராமரிக்கும் கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சாதாரண மடிக்கணினியே போதும். நிறுவும்போது நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். புதுமை குறைவாக இருந்தாலும் நிலையாக இயங்கும்.

கோப்பைத் திறப்பது இரண்டு நிமிட வேலை. திறந்த கோடு நிலத்தில் தன் சரியான இடத்தில்தான் அமர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்வதே உண்மையான வேலை. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது.

எந்தத் தரவு யாரிடம்?

*திறந்த தரவு.* மலேசியப் புள்ளிவிவரத் துறை மாநிலம், மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி ஆகியவற்றின் எல்லைகளை ஜியோஜேசன் கோப்புகளாக இணையத்தில் வைத்திருக்கிறது. துறையின் பெயரைக் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம். மக்கள்தொகை, வருமானம் போன்ற அட்டவணைகளையும் இவ்வெல்லைகளோடு இணைக்க முடியும். தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

*விலைக்கும் அனுமதிக்கும் உரிய தரவு.* நாட்டின் நில அளவைப் பொறுப்பு ஜூப்பெம் என்று எல்லாரும் அழைக்கும் மலேசிய நில அளவை, வரைபடத் துறையுடையது. லாட் எல்லைகளின் எண்மத் தரவுத்தளம் அவர்களிடம் உள்ளது. விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி வாங்க வேண்டும். நிலத்தோற்ற வரைபடங்கள் பல ‘தெர்ஹாட்’ என்ற பாதுகாப்பு வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குத் தனி அனுமதி தேவை.

*வட்டார அலுவலகங்கள்.* வட செபராங் பிறை மாவட்ட நில அலுவலகம் கெப்பாலா பத்தாஸிலேயே இருக்கிறது. நில உரிமைப்பத்திரம் பற்றிய கேள்விக்கு அங்கே போகலாம். திட்ட அனுமதி, வடிகால், சாலை தொடர்பானவற்றுக்குச் செபராங் பிறை மாநகர் மன்றம். மாநில அளவிலான வரைபட அடுக்குகளுக்கு பெகிஸ் எனப்படும் பினாங்கு புவியியல் தகவல் மையம். உரிமம் பெற்ற நில அளவையாளர் தாம் அளந்த கோப்பையும் தருவார்.

அரசுகள் வரைபடத் தரவைத் திறந்துவிடுவது உலகெங்கும் படிப்படியாகவே நடக்கிறது. பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே 2010 ஏப்ரலில் ஒரு பகுதியைத் திறந்தது. இந்தியா 2021 பிப்ரவரியில் புதிய நெறிமுறை வெளியிட்டு, வரைபடம் தயாரிப்பதற்கு இருந்த பல முன்அனுமதிகளை நீக்கியது. மலேசியாவில் இன்று எல்லைகள் திறந்திருக்கின்றன, லாட்டுகள் விலைக்கு உள்ளன, நிலத்தோற்றம் அனுமதிக்குள் இருக்கிறது. இந்த மூன்று படிகளையும் மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

கைக்கு வரும் கோப்புகள்

*ஜியோஜேசன்.* ஒரே கோப்பு. 2016-இல் வெளியான தரநிலைப்படி இதிலுள்ள எண்கள் எப்போதும் டபிள்யூஜிஎஸ் 84 தீர்க்கரேகை, அட்சரேகை. குழப்பம் மிகக் குறைவு.

*ஷேப்ஃபைல்.* பெயர் ஒன்று, கோப்புகள் பல. எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் மூன்றும் இல்லாவிட்டால் முழுமையாகாது. பிஆர்ஜே என்ற நான்காவது கோப்பில்தான் ஆயத்தொலை முறை எழுதப்பட்டிருக்கும். மின்னஞ்சலில் அனுப்புகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுவார்கள். கேட்டு வாங்குங்கள். பத்திப் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகாது என்பதால் நீண்ட மலாய்த் தலைப்புகள் வெட்டுப்பட்டு வரும். எந்தச் சுருக்கம் எதைக் குறிக்கிறது என்ற பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள்.

*டிஎக்ஸ்எஃப், டிடபிள்யூஜி.* நில அளவையாளர்கள் தருவது. பொதுவாகக் கோடும் எழுத்தும் மட்டும் இருக்கும். எந்த ஆயத்தொலை முறை என்ற குறிப்பு இராது. நீங்களே சொல்ல வேண்டும்.

*சிஎஸ்வி.* வெறும் அட்டவணை. பள்ளிகள், கோவில்கள், வடிகால் அடைப்புகள் எனப் புள்ளிகளாகக் குறிக்கத்தக்க எதுவும் இதில் வரலாம்.

எந்த வடிவில் வந்தாலும், ஏற்றிச் சரிபார்த்த பிறகு ஜியோபேக்கேஜ் என்ற வடிவில் சேமித்துக்கொள்ளுங்கள். பல அடுக்குகள் ஒரே கோப்பில் அடங்கும்; தமிழ் எழுத்து சிதையாது; பத்திப் பெயர் வெட்டுப்படாது.

எண்ணைப் பார்த்து முறையைக் கண்டறிதல்

ஒரே இடத்துக்குப் பல முகவரி எண்கள் இருக்கலாம். தீபகற்ப மலேசியாவில் புழங்கும் முக்கிய முறைகளும், ஒவ்வொன்றிலும் கெப்பாலா பத்தாஸ் பட்டணம் ஏறத்தாழ என்ன எண் பெறும் என்பதும் கீழே. அடைப்புக்குறியில் இருப்பது உலகளாவிய ஈபிஎஸ்ஜி பட்டியல் எண். கியூஜிஐஎஸ் தேடல் பெட்டியில் இந்த எண்ணை இட்டாலே முறை வந்து நிற்கும்.

1. டபிள்யூஜிஎஸ் 84 (4326): தீர்க்கரேகை 100.43, அட்சரேகை 5.52. கைப்பேசியும் ஜியோஜேசனும் பேசுவது இதில்தான்.

2. ஜிடிஎம் 2000, தீபகற்ப ஆர்எஸ்ஓ (3375): கிழக்கு எண் 2.7 லட்சத்தை ஒட்டி, வடக்கு எண் 6.1 லட்சத்தை ஒட்டி. மீட்டர் கணக்கு. நாடு தழுவிய அரசுத் தரவு பெரும்பாலும் இதில் வரும்.

3. ஜிடிஎம் 2000, பினாங்கு கிரிட் (3382): கிழக்கு எண் 9,000-ஐயும் வடக்கு எண் 10,500-ஐயும் ஒட்டி. காசினி முறை. லாட் அளவைக்கு உரியது.

4. ஜிடிஎம் 2000, கெடா பெர்லிஸ் கிரிட் (3383): இரண்டு எண்களும் எதிர்மறை, கிழக்கு −23,000-ஐயும் வடக்கு −49,500-ஐயும் ஒட்டி.

5. யூடிஎம் 47 வடக்கு (32647): கிழக்கு எண் 6.6 லட்சத்தை ஒட்டி, வடக்கு எண் 6.1 லட்சத்தை ஒட்டி. செயற்கைக்கோள் படங்கள் இதில் வரும்.

6. கெர்த்தாவ், ஆர்எஸ்ஓ மலாயா (3168): எண்கள் இரண்டாவது முறையைப் போலவே தோன்றும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

பினாங்கு கிரிட் எண்கள் இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காசினி முறையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு தொடக்கப் புள்ளி. பினாங்குக்கும் செபராங் பிறைக்கும் அது ஜார்ஜ் டவுனின் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து எத்தனை மீட்டர் கிழக்கே, எத்தனை மீட்டர் வடக்கே என்பதே கணக்கு. கெடாவுக்குத் தொடக்கம் குனோங் பேராக். மூடா ஆற்றுக்கு இக்கரை பினாங்கு, அக்கரை கெடா. வெள்ளமோ இரு கரையையும் சேர்த்துத்தான் வருகிறது. ஆற்றின் இரு கரைத் தரவையும் ஒன்றாக வைத்துப் பார்க்க விரும்புகிறவர், இக்கரைக் கோப்புக்கு 3382, அக்கரைக் கோப்புக்கு 3383 என்று தனித்தனியே சொல்லியாக வேண்டும்.

இனி அந்த ஆறாவது முறை. மலாயாவின் பழைய அளவைகள் பகாங்கிலுள்ள கெர்த்தாவ் என்ற புள்ளியை ஆதாரமாகக் கொண்டவை. பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளத்தின் திருத்திய வடிவை எடுத்துக்கொண்டன. சாய்வாகக் கிடக்கும் தீபகற்பத்துக்குப் பொருந்தும் ஆர்எஸ்ஓ கணக்கை மார்ட்டின் ஹொட்டீன் 1940-களில் வகுத்தார். 2003-இல் ஜூப்பெம் ஜிடிஎம் 2000 என்ற புதிய ஆதாரத்துக்கு மாறியது. செயற்கைக்கோள் நிலைகாண் முறையோடு அது பொருந்துகிறது. பழையதும் புதியதும் ஒரே ஆர்எஸ்ஓ என்ற பெயரைத் தாங்குகின்றன. எண்களும் ஒத்த தோற்றம் கொண்டவை. ஆனால் பழைய கெர்த்தாவ் கோப்பை ஜிடிஎம் 2000 என்று நினைத்து ஏற்றினால், நம் வட்டாரத்தில் எல்லாம் நூறு மீட்டருக்கும் மேல் கிழக்கே தள்ளிப்போகும். கோவில் அடுத்த லாட்டில் நிற்கும்; பள்ளித் திடல் சாலைக்கு அப்பால் விழும். திரையில் பார்க்கிறவருக்கு எந்த எச்சரிக்கையும் வராது.

ஆகவே எந்த அரசுக் கோப்பையும் வாங்கும்போது மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: எந்த டேட்டம் (அளவை ஆதாரம்), கெர்த்தாவா ஜிடிஎம் 2000-ஆ? எந்தக் கிரிட், ஆர்எஸ்ஓவா காசினியா? எந்த ஆண்டுத் தரவு? 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தில் தீபகற்பத்தின் வடமேற்குப் பகுதியே பத்து சென்டிமீட்டருக்கும் மேல் நகர்ந்தது. அதன் பிறகு ஜிடிஎம் 2000-உம் திருத்தப்பட்டது. கைப்பேசி கொண்டு புள்ளி குறிக்கும் நமக்கு அந்த வேறுபாடு கைப்பேசியின் பிழைக்குள் அடங்கிவிடும். எல்லைக் கல்லை அளக்கும் அளவையாளருக்கு அப்படி அல்ல.

படிப்படியாக

*படி 1. திட்டத்தைத் தொடங்குதல்.* கியூஜிஐஎஸ்-ஐத் திறந்து புதிய புராஜெக்ட் ஒன்றை உருவாக்குங்கள். கீழ் வலது மூலையில் தெரியும் ஈபிஎஸ்ஜி எண்ணைச் சொடுக்கி 3375 என்று மாற்றுங்கள். பிரௌசர் பலகையில் எக்ஸ்ஒய்இஸட் டைல்ஸ் என்பதன் கீழுள்ள ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை இழுத்துப் போடுங்கள். பின்னணி தயார்.

*படி 2. எல்லைகளை ஏற்றுதல்.* லேயர் மெனுவில் ஆட் லேயர், அதனுள் ஆட் வெக்டர் லேயர். புள்ளிவிவரத் துறையின் சட்டமன்றத் தொகுதிக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு 4326-இல் இருக்கும், திட்டம் 3375-இல் இருக்கும். கியூஜிஐஎஸ் தானே மாற்றிக் காட்டும். கவலை வேண்டாம்.

*படி 3. எண்ணிப் பார்த்தல்.* அட்ரிபியூட் டேபிளைத் திறந்து மாநிலப் பத்தியில் பினாங்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு அதை வைத்து வடிகட்டுங்கள். சட்டமன்றத் தொகுதிகள் 40 வர வேண்டும். நாடாளுமன்றக் கோப்பில் 13. மாவட்டக் கோப்பில் 5. இந்த எண்ணிக்கை வராவிட்டால் கோப்பு குறைபட்டது அல்லது வடிகட்டி தவறு. அடுத்து நாடாளுமன்றத் தொகுதி 41, அதாவது கெப்பாலா பத்தாஸ், அதன் மூன்று சட்டமன்றத் தொகுதிகளான பெனாகா, பெர்த்தாம், பினாங் துங்கால் ஆகியவற்றைத் தேர்ந்து தனி அடுக்காகச் சேமியுங்கள்.

*படி 4. அளவையாளர் கோப்பை ஏற்றுதல்.* டிஎக்ஸ்எஃப் கோப்பை ஆட் வெக்டர் லேயர் வழியாகவே திறக்கலாம். கோடு, புள்ளி, பரப்பு எனப் பிரித்துக் கேட்கும். டிடபிள்யூஜி என்றால் புராஜெக்ட் மெனுவிலுள்ள இம்போர்ட் வசதி. ஏற்றியதும் அடுக்கின் பெயருக்கு அருகில் கேள்விக்குறி தெரிந்தால், மென்பொருளுக்கு ஆயத்தொலை முறை தெரியவில்லை என்று பொருள். எண்களைப் பார்த்து, மேலே சொன்ன பட்டியலோடு ஒப்பிட்டு, அளவையாளரிடம் உறுதி செய்துகொண்டு 3382 என்று அறிவியுங்கள். எண்ணைப் படிக்கும்போது வரிசையையும் பாருங்கள்: உத்தாரா முதலிலும் தீமோர் பிறகும் எழுதப்பட்டிருந்தால் வடக்கு எண்ணே முதலில் நிற்கிறது. மிகப் பழைய திட்டப்படங்களில் அளவு செயின், லிங்க் கணக்கில் இருக்கும். ஒரு செயின் 66 அடி, அதாவது 20.1168 மீட்டர்.

*படி 5. புள்ளிகளை ஏற்றுதல்.* பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. வட செபராங் பிறையில் உள்ளவற்றின் பெயர், தீர்க்கரேகை, அட்சரேகை மூன்றையும் அட்டவணையாக்குங்கள். எக்செலில் சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற வகையையே தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்றால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். பிறகு ஆட் டிலிமிடட் டெக்ஸ்ட் லேயர். எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகை, ஒய் என்ற இடத்தில் அட்சரேகை, முறை 4326. இரண்டும் இடம் மாறினால் புள்ளிகள் வரைபடத்திலேயே தெரியாது.

தமிழ்ப் பெயர்களை ஷேப்ஃபைலில் வைக்க நேர்ந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். ‘பா’ என்பதே இரண்டு குறி, ஆறு பைட். எண்பது பைட் அகலமுள்ள பத்தியில் 26 குறிகளே அடங்கும். ‘தோட்டத் தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி’ என்ற சொற்றொடரே நிறைவு பெறாமல் அறுந்துவிடும். ஜியோபேக்கேஜில் இந்தத் தொல்லை இல்லை.

அறிவிப்பது வேறு, மாற்றுவது வேறு

கியூஜிஐஎஸ்-இல் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. செட் லேயர் சிஆர்எஸ் என்ற கட்டளை எண்களைத் தொடாது. ‘இந்தக் கோப்பு இந்த முறையில் எழுதப்பட்டது’ என்று மென்பொருளுக்கு அறிவிக்கிறது, அவ்வளவே. எக்ஸ்போர்ட் என்பதன் கீழுள்ள சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ் கட்டளைதான் எண்களை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்குக் கணக்கிட்டு மாற்றிப் புதிய கோப்பாக எழுதும்.

கெர்த்தாவில் இருக்கும் கோப்பு ஜிடிஎம் 2000-இல் வேண்டுமென்றால், முதலில் 3168 என்று அறிவியுங்கள்; பிறகு சேமிக்கும்போது 3375-ஐத் தேர்ந்து மாற்றுங்கள். முதல் கட்டளையிலேயே 3375 என்று அறிவித்துவிட்டால் பழைய எண்ணுக்குப் புதிய பெயர் ஒட்டியதாகும். நூறு மீட்டர் பிழை கோப்புக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடும். மாற்றும்போது பல வழிகளைக் காட்டி எதை வைத்து மாற்றட்டும் என்று கேட்டால், ஒவ்வொன்றுக்கும் எதிரே மீட்டரில் போட்டிருக்கும் துல்லியத்தைப் பாருங்கள். சிறிய எண் நல்லது. அந்த வழி நம் பகுதிக்கு உரியதுதானா என்பதையும் படியுங்கள்.

லாட் எண்ணும் பூச்சியமும்

ஒரே லாட் எண் ஒவ்வொரு முக்கிமிலும் வரலாம். செபராங் பிறையில் முக்கிம்கள் எண்களாலேயே அறியப்படுகின்றன. லாட் எண்ணை மட்டும் வைத்து இரண்டு அட்டவணைகளை இணைத்தால் தவறான நிலத்தில் தவறான பெயர் ஏறும். இதற்காகவே யுபிஐ என்ற 16 இலக்க எண் உண்டு: மாநிலம் 2, மாவட்டம் 2, முக்கிம் 2, செக்ஷன் 3, லாட் 7. பினாங்கின் எண் 07, நம் அடையாள அட்டையின் நடுவே வரும் அதே 07. எக்செல் இதை எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னிற்கும் பூச்சியம் போய்விடும். இணைப்பு ஒன்றுகூட நடக்காது. அந்தப் பத்தியை எக்செலிலும் கியூஜிஐஎஸ்-இலும் உரை வகை என்று முதலிலேயே குறித்துவிடுங்கள்.

சரிபார்க்கும் நான்கு சோதனைகள்

1. ஆறு: வடக்கு எல்லைக் கோடு பின்னணியிலுள்ள மூடா ஆற்றின் வளைவுகளைத் தொடர்ந்து செல்கிறதா?

2. சாலை: வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் பெர்த்தாம் சந்திப்பு, லாட் கோடுகளுக்கு இடையே விடப்பட்ட சாலை நிலத்துக்குள் விழுகிறதா?

3. பரப்பு: பினாங்கு மாநிலம் முழுவதும் சுமார் 1,050 சதுர கிலோமீட்டர் வருகிறதா? லாட்டின் பரப்பு உரிமைப்பத்திரத்தில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா?

4. களம்: ஊரில் எல்லாரும் அறிந்த இரண்டு மூன்று இடங்களுக்குக் கைப்பேசியோடு போய் எண்ணைக் குறியுங்கள். வரைபடத்தோடு சில மீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒரே தொலைவு விலகியிருந்தால் ஆயத்தொலை முறை தவறு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் விலகினால் கைப்பேசியின் பிழை.

நான்கும் தேறாத வரைபடத்தை யாரிடமும் காட்டாதீர்கள்.

செய்யக் கூடாதவை

‘தெர்ஹாட்’ முத்திரையுள்ள வரைபடத்தை வருடி இணையத்தில் ஏற்றக் கூடாது. வாட்ஸ்அப் குழுவிலும் பகிரக் கூடாது. அத்தகைய ஆவணங்கள் 1972-ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வ இரகசியச் சட்டத்தின் கீழ் வருகின்றன. விலைக்கு வாங்கிய லாட் தரவையும் உரிமத்தில் சொன்ன வேலைக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். இவற்றைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைவதும் முறையல்ல. லாட்டுகளோடு உரிமையாளர் பெயர்களை இணைத்துப் பொதுவில் வைக்காதீர்கள்.

நீங்கள் தயாரிக்கும் வரைபடம் நீதிமன்றத்தில் எல்லைச் சான்றாக நிற்காது. அதற்கு ஜூப்பெம் சான்றளித்த பெலான் அக்குய் வேண்டும். எல்லைத் தகராறு என்றால் உரிமம் பெற்ற அளவையாளர் வேண்டும். ஆனால் எந்த லாட் பற்றி, எந்த அலுவலகத்தில், எந்தப் பெலானைக் கேட்க வேண்டும் என்பதை உங்கள் வரைபடம் காட்டிவிடும். கேள்வி துல்லியமாக இருந்தால் முகப்பில் கிடைக்கும் பதிலும் துல்லியமாக இருக்கும்.

வாசகருக்கு

இந்த வாரமே தொடங்குங்கள். புள்ளிவிவரத் துறையின் எல்லைக் கோப்பை இறக்கி, கெப்பாலா பத்தாஸின் மூன்று தொகுதிகளைப் பிரித்து, உங்களுக்குத் தெரிந்த தமிழ்ப்பள்ளிகளையும் கோவில்களையும் அதன்மேல் குறியுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் தமிழ்ப் பெயர், பழைய தோட்டத்தின் பெயர், முக்கிம் எண், லாட் எண், தகவல் கிடைத்த நாள் ஆகியவற்றைப் பதியுங்கள். தோட்டத்தின் பழைய பிரிவுகளின் பெயர் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். கோப்பின் ஒரு பிரதியைச் சங்கத்திலும் இன்னொன்றைப் பள்ளியிலும் வையுங்கள். நிலம் பற்றிய பேச்சு வரும் நாளில் அதைத் தேடத் தொடங்குவது தாமதம். அதற்கு முன்பே நம் கையில் சரிபார்த்த வரைபடம் இருக்க வேண்டும்.